சாராள் வீட்டு நடமாட்டம்

சேலையூரில் சாராள் கண்விழித்த சேதி, நாவலூரில் இருக்கும் அவள் தம்பி எபிக்கு அடுத்த நொடியே தெரிந்துவிடும். அவள் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளை உருண்டை, அவள் புரண்டு எழுவதைக் கண்டுகொண்டு அவன் போனுக்கு ஒரு வரி அனுப்பும்: படுக்கையறையில் நடமாட்டம். பிறகு விளக்கு. பிறகு ஹீட்டர். பிறகு சமையலறையில் கெட்டில். கெட்டில் என்று வந்ததும்தான் எபி போர்வையை உதறிவிட்டுப் போய்த் தனக்கும் காப்பிக்குத் தண்ணீர் வைப்பான். அக்காவும் தம்பியும் சேர்ந்து காப்பி குடிக்கிறார்கள் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அக்காவுக்கு இந்தச் சங்கதியே தெரியாது.

சாராளுக்குக் கைக்குழந்தையிலேயே போலியோ வந்தது. காலில் இரும்புக் கம்பி வைத்த காலிபர் மாட்டி, கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டே மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தாள். கட்டைச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். ஐம்பது வயதுக்கு மேல், அத்தனை காலம் உடம்பைச் சுமந்த தோள்கள் இனி நம்மால் ஆகாது என்று சொல்லிவிட்டன. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். அப்பா சுவிசேஷமுத்து அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். கூடவே இருந்து எல்லாம் செய்த அம்மாவும் போன பிறகு, கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்த வீட்டில் அவள் மட்டும் மிஞ்சினாள்.

"நான் இங்கயே வந்துடறேன்க்கா" என்று அம்மாவை அடக்கம் செய்த அன்றே எபி சொன்னான். மனதாரத்தான் சொன்னான். வரவில்லை. ஆபீஸ் நாவலூரில், மேடவாக்கம் நெரிசலில் மாட்டினால் பொழுது போய்விடும், சோழிங்கநல்லூர் சிக்னலில் உயிர் போய்விடும் என்று அவன் அடுக்கிய காரணங்கள் எல்லாம் சத்தியமான உண்மை. ஆனால் அவன் வராததற்கு அவை காரணம் இல்லை. அந்தத் தெருவில் காலை வைத்தால் போதும், சபையார் யாராவது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்காகக் கல்யாணமே கட்டாம இருந்துட்டியேப்பா" என்று உருகுவார்கள். முன்பு இதே ஆட்கள் எப்போது கல்யாணம் என்று துளைத்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத் தலை நரைத்ததும் துளைப்பதை விட்டு உருக ஆரம்பித்துவிட்டார்கள். துளைத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டான், உருகியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஆகவே ஆள் வருவதற்குப் பதிலாகச் சாமான் வந்தது. எபிக்குச் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. யாரையும் கூப்பிடாமல், லீவு நாட்களில் வந்து ஸ்டூல் போட்டு ஏறி எல்லாவற்றையும் தன் கையாலேயே மாட்டினான். சொன்னால் கேட்கும் பெட்டி ஒன்று ஹாலில், ஒன்று படுக்கையறையில். விளக்கு, ஃபேன், திரைச்சீலை, வாசல் பூட்டு எல்லாம் அந்தப் பெட்டியின் பேச்சைக் கேட்கும். அறைக்கு அறை நடமாட்டம் பார்க்கும் வெள்ளை உருண்டை. கேமரா மட்டும் கூடவே கூடாது என்று சாராள் சொல்லிவிட்டாள். "நான் தலைவிரி கோலமா இருப்பேன், நைட்டில ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கும். அதையெல்லாம் நீ ஆபீஸ்ல உக்காந்து பாக்க வேணாம்."

பெட்டிக்கும் அவளுக்கும் முதலில் ஒத்துப்போகவில்லை. "மின்விசிறியைச் சுழலவிடு" என்றால் அது விழித்தது. "பெட்ரூம் ஃபேன் ஆன்" என்றால் ஓடிவந்து செய்தது. ஆயுசுக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது பெரிய அவமானம். ஆனாலும் ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. நிறுத்தினாள். மறுபடி போட்டாள். மறுபடி நிறுத்தினாள். "ஒவ்வொண்ணுக்கும் அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே வெக்கமா இருக்கும்டா" என்று சொல்லும்போது கண் கலங்கியது. எபிக்கும் கலங்கியது. அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே அவன் ஏறிய ஸ்டூலும் தின்ற சுவர்த் தூசியும் தகும்.

யார் தயவும் இல்லாமல் அக்கா நிம்மதியாக இருக்கட்டும் என்று எபி நினைத்தான். சாராளோ, முதல் வேலையாக அந்தப் பூட்டை வைத்துக்கொண்டு ஊரையே உள்ளே விட்டாள். முன்பு யாராவது கதவைத் தட்டினால் அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவதற்குள் ஆள் போய்விடும். இப்போது கட்டிலில் இருந்தபடியே ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறந்துகொள்கிறது. கீரைக்காரம்மா அடுப்படி வரைக்கும் வந்து கீரைக்கட்டை வைத்துவிட்டுப் போனாள். தமிழில் தடுமாறிய பிள்ளைகள் டியூஷனுக்கு வந்தன. எதிர்வீட்டுத் தயாளனின் மருமகள் கீதா, சமைக்கும் நேரத்தில் தன் குழந்தையைக் கொண்டுவந்து சாராள் மடியில் போட்டாள். தயாளனின் அப்பா காலத்தில் இந்தத் தெருவே அவர்கள் வயலாக இருந்தது. இப்போது தயாளன் கடைகளை வாடகைக்கு விட்டுவிட்டு, டீச்சர் வீட்டுக்கு வந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார்.

இத்தனை பேரும் எபியின் போனில் ஒரே வரியாகத்தான் வந்தார்கள்: முன்வாசல் திறந்தது. யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், என்ன சிரித்தார்கள் என்று அது சொல்லாது. அவனும் போன் போட்டுக் கேட்பதில்லை. எழுந்தாளா, சாப்பிட்டாளா, படுத்தாளா என்று எல்லாம்தான் தெரிகிறதே, இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டான். வாராவாரம் போய்க்கொண்டிருந்தவன் மாதம் ஒருமுறை போனான். பிறகு அதுவும் தள்ளிப்போனது.

ஆனால் மனசு அங்கேதான் கிடந்தது. ஆபீசில் உடன் வேலை செய்பவர்கள் எல்லாம் சின்ன வயதுக்காரர்கள். மரியாதையாக சார் என்பார்கள், டீ குடிக்கப் போகும்போது கூப்பிட மறந்துவிடுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பார்சல் சாப்பாட்டைப் பிரித்து, ஊறுகாய் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே சாப்பிடுவான். ஹாலில் நடமாட்டம். சமையலறையில் விளக்கு. முன்வாசல் மூடியது. ஒவ்வொரு வரி வரும்போதும் பக்கத்து அறையில் வீட்டு மனுஷர் யாரோ புழங்குகிறமாதிரி அவனுக்கு இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்கென்று இருந்த குடும்பம் அந்த வரிகள்தான். அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச நாட்களில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், முன்வாசல் திறந்தது என்று அவன் போனில் வரிசையாக வந்தது. திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. அதன்பின் கொஞ்ச நேரம் ஹாலில் நடமாட்டம். பிறகு ஒன்றுமே இல்லை. எந்த அறையிலும் இல்லை. எபி திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். கடைசியில், அவனே அமைத்து வைத்திருந்த அபாய மணி போனில் அலறியது: வீட்டில் நீண்ட நேரமாக நடமாட்டம் இல்லை.

அக்காவுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தான், எடுக்கவில்லை. தனியாக இருக்கும் பொம்பளைகளை நோட்டம் விட்டு உள்ளே புகும் கும்பல் பற்றிப் பேப்பரில் படித்ததெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. எதிர்வீட்டுத் தயாளனுக்குப் போன் போட்டான். "அண்ணா, அக்கா வீட்டுக்கு ஓடுங்க! உள்ள யாரோ வந்திருக்காங்க, அக்கா அசைவே இல்ல. கதவை நான் இங்கேருந்தே திறக்கறேன்!" பூட்டைத் திறந்தான். வீட்டில் இருந்த எல்லா விளக்கையும் போட்டான். ரொம்ப அவசரம் என்றால் ஒழியத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்த மைக்கையும் திறந்து, ஹால் பெட்டியில் சத்தத்தை முழுசாக ஏற்றிக் கத்தினான். "அக்கா! அசைக்கா! கையையாவது காலையாவது எதையாவது அசை!"

கேட்டது பாருங்கள் ஒரு கூப்பாடு. ஒரு குரல் இல்லை, ஒரு கூட்டமே அலறியது. வயதான ஒரு குரல் "ஆண்டவரே!" என்று சொல்லிக்கொண்டே எதன் மேலோ சாய்ந்தது. டம்ளர்கள் உருண்டன. கதவு படாரென்று திறந்தது. "எவன்டா அது டீச்சர் வூட்டாண்ட!" என்று தயாளனின் குரல் வந்தது. மூத்த பேரனின் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் பாய்ந்தார் என்பது எபிக்குப் பிற்பாடுதான் தெரியும். பிறகு எல்லாம் அடங்கியது. தயாளன் மெதுவாகக் கேட்டார். "இன்னாம்மா இது, அல்லாரும் முட்டி போட்டுகினு கீறீங்க?"

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வீட்டு ஜெபக்கூட்டம் அது. சாதாரண நாளில் பாட்டும் கைதட்டலுமாக இருக்கும், வெள்ளை உருண்டைக்கு வேலை அதிகம். லெந்து நாட்களில் மட்டும் மவுன ஜெபம். கண்ணை மூடி முழங்கால் போட்டார்கள் என்றால் கொசு கடித்தாலும் அசையமாட்டார்கள். போன்கள் எல்லாம் வாயடைத்து ஷெல்ஃபில் கிடந்தன.

பெட்டியின் வழியாக, வகுப்பை அடக்குகிற அந்தப் பழைய குரலில் சாராள் சொன்னாள். "எபி. மைக்கை அணை."

அணைத்தான்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. காலையில் விளக்கு எரிந்தது, ஹீட்டர் ஓடியது, கெட்டில் கொதித்தது. அக்கா கோபமாக இருக்கிறாளா, சிரித்துக்கொண்டிருக்கிறாளா என்று மட்டும் அந்த வரிகளில் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. வாரக் கடைசியில் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வா. சாப்பாடு இங்கே."

அவன் கேட்டைத் தொடுவதற்குள் கதவு திறந்துகொண்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்துக்கு இறக்கிப் போட்டிருந்த மேடையில் சாராளே மட்டன் குழம்பு வைத்திருந்தாள். நன்றாக இருந்தது. அம்மா கைப்பக்குவம் அப்படியே வந்திருந்தது. அவன் போதும் என்கிற வரைக்கும் சாராள் குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"அந்த ஆப்பை என் போனுக்கு மாத்திக் குடு. பூட்டு, லைட், மணி எல்லாமே என்கிட்ட இருக்கட்டும். உன் போன்ல ஒண்ணும் இருக்கக் கூடாது."

"அன்னிக்கு நான் பண்ணது தப்புதான்க்கா. இனிமே மைக்கைத் தொடவே மாட்டேன்."

"மைக்கைப் பத்தி நான் பேசல."

"நீ விழுந்து கிடந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் பாத்ரூம்ல விழுந்தேனே, தெரிஞ்சுதா உனக்கு?"

எபி பாத்ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"தரையில கிடந்து, கையை ஊனி ஊனி நகர்ந்துக்கிட்டே சத்தம் போட்டேன். பெட்டி கேட்டுச்சு, கதவைத் திறந்துச்சு. கீதா ஓடி வந்து தூக்குனா, தயாளண்ணன் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனாரு. எலும்பு கிலும்பு உடையல. உன் போன்ல என்ன வந்துச்சு, சொல்லு."

குளியலறையில் நடமாட்டம் என்று வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, அக்கா குளிக்கிறாள் என்று நிம்மதியாக ஒரு கவளம் அள்ளிச் சாப்பிட்டிருப்பான்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே. கடைசியா எனக்கு எப்ப போன் பண்ண? அந்த சனிக்கிழமையை விடு, அதுக்கு முன்னாடி."

அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பேசியதா, அதற்கும் முன்பா என்று தெரியவில்லை. சாராள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனும் பதிலுக்கு உயர்த்தித் தப்பித்திருப்பான்.

"ஊரெல்லாம் எனக்காக நீ கல்யாணம் பண்ணிக்கலன்னு பேசுது. செங்கல்பட்டுலேர்ந்து உனக்குப் பொண்ணு குடுக்க வந்தவங்க என்னையும் சேத்துத்தான் ஏத்துக்கறோம்னாங்க. நீதான் வேணாம்னு சொன்ன. உனக்குப் பயம். நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் வாயைத் திறக்கல. இருந்துட்டுப் போகட்டும், ஆனா நான் உனக்குச் சாக்கு இல்லடா. அப்ப என் காலு உனக்குச் சாக்கு. இப்ப இந்தப் பெட்டி."

"அதை எடுத்துட்டா எனக்கு அங்க ஒண்ணுமே இல்லக்கா." சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "சாயங்காலமானா அதைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நீ ஹாலுக்கு வந்தா, வந்துட்டன்னு இருக்கும். லைட்டை நிறுத்தினா நானும் படுத்துருவேன். என் வீட்ல வேற யாரு இருக்கா?"

சாராள் கண்ணில் நீர் நின்றது, ஆனால் வழிய விடவில்லை.

"லெந்து நாள்ல ஒவ்வொரு வாரமும் ஒருத்தர் பேரைச் சொல்லிட்டுத்தான் மவுனமா உக்காருவோம். சீக்காளி, கஷ்டப்படறவங்க, இப்படி. அன்னிக்கு நான் உன் பேரைக் குடுத்திருந்தேன். எல்லாரும் உனக்காகத்தான் அசையாம இருந்தாங்க." போனை அவன் பக்கம் நீட்டினாள். "மாத்திக் குடு எபி. நீ என்னைப் பாத்துக்கறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும் இங்க வரமாட்ட."

அவன் மாற்றினான். அவள் போனில் ஒரு எண் வந்தது, அதை அவள் சோர்ந்த விரலால் மெதுவாகத் தட்டிச் சேர்த்தாள். ஒவ்வொரு பொருளாக அவன் திரையிலிருந்து போனது. படுக்கையறை விளக்கு, ஹால் ஃபேன், திரைச்சீலை, பூட்டு. முடிவில் வெறும் வெள்ளைத் திரையில் ஒரு வாக்கியம் நின்றது: உங்களுக்கு வீடு எதுவும் இல்லை, புதிய வீடு சேர்க்கவா?

"என்ன சொல்லுது?" என்று சாராள் கேட்டாள்.

"வேலை முடிஞ்சிருச்சுன்னு சொல்லுதுக்கா."

புறப்படும்போது வாசல் வரைக்கும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். அவனுடைய பழைய அறை காலியாகத்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து இரு என்றாள். அவன் தலையாட்டினான். அம்மாவை அடக்கம் செய்த அன்று வந்துவிடுகிறேன் என்று சொன்னது போலத்தான் ஆட்டினான், அது இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

நாவலூர் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. பழக்கதோஷத்தில் போனை எடுத்து ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்தான். ஆபீஸ் குழுவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து வந்தது. லோன் வேண்டுமா என்று ஒரு செய்தி வந்தது. எதிர் பிளாக்கில் ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சேலையூரில் வெளிச்சம் வந்துவிட்டதா என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. இப்போது எந்த அறையில் இருப்பாள்? யாராவது வந்திருப்பார்களா? பக்கத்து அறையில் யாரோ புழங்கும் அந்த நினைப்பை எவ்வளவு இழுத்துப் பார்த்தும் வரவழைக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டான்.

எடுப்பதற்கு நேரமாயிற்று. எடுத்ததும் பின்னால் ஒரே கூச்சல், கீதாவின் குழந்தை எதையோ தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"சொல்லு எபி."

அக்காவிடம் கேட்கிற கேள்விகளை எல்லாம் இத்தனை நாள் போனே கேட்டுப் பதிலும் சொல்லிவிட்டிருந்தது. அவனுக்குக் கேட்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"சும்மாத்தான்க்கா. வீட்டுக்கு வந்துட்டேன்."

"டிராபிக் இருந்துச்சா?"

"அவ்வளவா இல்ல."

"குழம்பு குடுத்தேனே, ஃபிரிட்ஜ்ல வச்சியா?"

"வச்சிட்டேன்" என்றான். குழம்பு வண்டியிலேயே இருந்தது.

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. சாராள் அதை ஏதோ கொஞ்சிச் சமாதானம் செய்துவிட்டுத் திரும்பி வந்தாள். "இருட்டிடுச்சே. லைட்டெல்லாம் போட்டுட்டு உக்காந்திருக்கியா?"

எபி சுற்றிப் பார்த்தான். எதிர் பிளாக்கின் வெளிச்சத்தில் மேஜை விளிம்பு மட்டும் தெரிந்தது.

"போட்டிருக்கேன்க்கா."

சாராள் நம்பிவிட்டாள். பார்த்துத் தெரிந்துகொள்ள அவளிடம் அவன் வீட்டு விளக்கு எதுவும் இல்லை. தம்பி சொன்னால் உண்மை என்றுதான் அவளுக்கு. "சரிடா, வைக்கறேன். நாளைக்குப் பேசு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவன் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தான். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.